மற்றவை என்றொரு கணக்கு

அத்தியாயம் 17

பாப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. காதோரம் நரைத்துவிட்டது, படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது, மாடிப்படி ஏறினால் முட்டி முனகுகிறது. இருந்தும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கு எப்போதுமே கிடையாது என்பது இத்தனை வாரமாகக் கூடவே வரும் உங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக இன்னொரு தடவை சொல்வதால் குடி முழுகிவிடாது.

வேலையிடத்து விபத்துகளை விசாரிக்கும் ஓர் அலுவலகத்துக்குப் பாப்பா வீட்டிலிருந்தே தட்டச்சு செய்கிறாள். சாட்சிகள் பேசியதைக் குரல் பதிவாக அனுப்புவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசைக்கடியில் இருக்கும் மிதியைக் காலால் அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். காதில் விழுந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அடித்து அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்த அலுவலகத்தின் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. வெளியுலகத்தில் அவளுக்கென்று இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் குளித்துவிட்டு வருவதற்குள், வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத எழுத்துகளில் ஒரு வால் முளைத்திருந்தது. திறக்க வேண்டுமானால் என்னோடு பேசு என்று எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒரு திருடன் திரையில் எழுதி வைத்திருந்தான். பதினோரு வாரமாக அவள் தட்டச்சு செய்து வைத்திருந்த சாட்சியங்கள் போயின. பாப்பா எதையும் மூடி மறைக்காமல் அன்றைக்கே அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள். புதன்கிழமை பத்து மணிக்கு ஆள் வரும், அதுவரை யாரும் எதையும் தொட வேண்டாம் என்று பதில் வந்தது.

இன்றைக்குப் புதன்கிழமை.

எட்டரை மணிக்கே அண்ணன் வந்துவிட்டான். அவனுக்குப் பிரின்டர் விற்கிற வேலை. அதனால் கம்ப்யூட்டரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிவந்து கூடத்தின் மூலையில் வைத்துத் திறந்தவன் அவன்தான். யார் பெயரில் திறக்கட்டும் என்று கேட்டது திரை. அப்பா வெளியே போயிருந்தார். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சரி என்று அம்மா பெயரையே போட்டான்.

முதலில் போடுகிற பெயருக்குத்தான் நிர்வாகி அதிகாரம் போகும். வெளியிலிருந்து புதிதாக எதை உள்ளே விடலாம், யார் யாருக்குக் கணக்கு கொடுக்கலாம், அடுத்தவர் கோப்பை யார் தொடலாம் என்பதெல்லாம் அந்தக் கணக்கின் கையில். பிறகு அப்பாவுக்கும் பாப்பாவுக்கும் அண்ணன் சாதாரணக் கணக்குகள் போட்டுக்கொடுத்தான். அவற்றில் எழுதலாம், படிக்கலாம், அவரவர் கோப்பை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்றை உள்ளே விட வேண்டுமென்றால் மட்டும் நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குத் தட்டத் தெரியாதே என்று, பொத்தானை அழுத்தியதும் எதுவும் கேட்காமல் நேராக அம்மா கணக்கு திறக்கும்படி ஒரு சௌகரியமும் செய்து வைத்தான். அந்தச் சௌகரியம்தான் இன்றைக்கு வீட்டின் தலையில் விடிந்திருக்கிறது.

ஆக, முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அம்மாவுக்கு முதல் தடவையாக ஓர் அதிகாரம் கிடைத்தது. கிடைத்தது அவளுக்கே தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் முதல் தடவை என்று கேட்பவர்களுக்கு அந்தத் தபால்பெட்டியைச் சொன்னால் போதும். கீழே வாசலில் எல்லா வீடுகளுக்கும் வரிசையாகத் தபால்பெட்டிகள் இருக்கின்றன. இந்த வீட்டுப் பெட்டிக்கு ஒரே சாவி, அது அப்பாவின் சாவிக்கொத்தில். அம்மாவுக்கு அவள் தங்கை எழுதுகிற கடிதம் காலையில் வந்து விழுந்தால், சாயங்காலம் அப்பா வந்து எடுத்துக்கொடுத்தால்தான் உண்டு. இடுக்கு வழியாக உறையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு அம்மா படியேறி வருவதைப் பாப்பா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இன்னொரு சாவி வெட்டிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. அம்மா கேட்டதும் இல்லை.

அந்த அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் போன ஆறாம் மாதம் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தார். தன் கணக்குக்குப் போகவே மாட்டார். பொத்தானை அழுத்துவார், அம்மாவின் பெயர் திரையில் வரும், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அந்தக் கணக்கிலேயே செய்தி படிப்பார், படம் பார்ப்பார், கண்டதையும் அழுத்துவார். உயிரோடு இருந்தவரை 'இந்தா' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி அவளைக் கூப்பிடாத மனிதர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலுவலகத்திலிருந்து ஓர் உறுதிமொழிப் படிவம் வந்தது. வேலை செய்கிற கம்ப்யூட்டரில் நிர்வாகி அதிகாரம் தனக்கு மட்டுமே இருக்கிறது, அந்தக் கணக்கைப் பழுது பார்க்க மட்டுமே திறக்கிறேன், அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கில்தான் செய்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பாப்பா அப்பாவிடம் போய் உட்கார்ந்து விளக்கினாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இதை நீ எனக்குச் சொல்லித் தர்றியா? முப்பது வருஷம் மெஷின் ரூம் சாவியை இடுப்புல வச்சிருந்தவன் நான். நானே மேல போகணும்னாலும் மத்தவங்க மாதிரி உள்ள நின்னு பட்டனைத்தான் அழுத்துவேன். ரிப்பேர்னாத்தான் சாவி வெளிய வரும்."

"அதேதாம்பா. என் பேர்ல தனியா ஒரு அட்மின் கணக்கு வச்சு, ரிப்பேர்னா மட்டும் திறக்கறேன். அம்மா கணக்கைச் சாதாரணமா மாத்திடலாம்."

அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"அவளைக் கீழ இறக்கச் சொல்றியா? இருந்தவரைக்கும் நான் அவளுக்கு ஒண்ணும் குடுக்கலை. இதாவது அவகிட்ட இருக்கட்டும்."

அப்பா தன் வாயால் அப்படி ஒன்றைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதுவிட்டு வந்து, உண்மையில்லை என்று தெரிந்தே, படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். பார்க்கத்தான் இப்போது வருகிறார்கள்.

அண்ணனின் யோசனை சுலபமானது. ஆள் வருவதற்குள் அம்மா கணக்கை அழித்துவிட வேண்டும். கணக்கே இல்லாவிட்டால் கேள்வியும் இல்லை. தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள் பாப்பா. அவர்கள் சொல்வார்கள், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் நாளைக்கு எங்கே போய் நிற்பாய் என்றான் அவன். இவ்வளவு பேச்சிலும் நாற்காலியில் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்த அப்பா, அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அவ பேர்ல யாரும் கை வைக்கக் கூடாது."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட முடியாத கோபம் வழக்கம்போலத் தங்கையிடம் வந்தது. நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருக்கிறவள் நீதானே, உனக்குத் தெரியாமல் இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று கேட்டான். எதுவும் கேட்காமல் திறக்கிற மாதிரி அன்றைக்குச் செய்து வைத்தது யார் என்று அவள் திருப்பிக் கேட்டதும், ஒன்பதரை மணிக்கு ஒரு மீட்டிங் இருப்பது அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனான்.

பத்து மணிக்குச் சரியாக அழைப்பு மணி அடித்தது.

வந்தது ஓர் ஐம்பது வயது அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கனத்த பை. தண்ணீர் வேண்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டு, முதல் வேலையாக இணைய ஒயரைப் பிடுங்கினாள். தன் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதிகம் பேசாத ரகம். பாப்பா பின்னால் நின்றாள். ஸ்டூல் கொண்டுவந்து உட்காரலாம், ஆனால் உட்காரத் தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று பத்துக்கு, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, சுத்தம் செய்யட்டுமா என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. யாரோ 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறார்கள். நிர்வாகி கணக்கில் அழுத்தியதால் பாஸ்வேர்டு கேட்கவில்லை, அந்த ஒரு அழுத்தலோடு எல்லோர் கோப்புக்கும் கதவு திறந்துவிட்டது. இவ்வளவையும் விளக்கிவிட்டுத் திரையில் இருந்த பெயரைச் சுட்டிக்காட்டினாள்.

"இது யார் கணக்கு?"

"என் சம்சாரத்தோடது" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழமை இதை அழுத்தினது யாரு சார்?"

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயர் அங்கே எந்தக் கவலையும் இல்லாமல் இருந்தது.

"அவதான்" என்றார் அப்பா.

"அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

கூப்பிட்டால் வருகிற இடத்தில் அவள் இல்லை. இருந்திருந்தால் வந்திருப்பாள், ஆமாம் நான்தான் என்றும் சொல்லியிருப்பாள். பால் பொங்கினால் அவள், மகன் பரீட்சையில் கோட்டைவிட்டால் அவள், அப்பா குடையை எங்கேயோ மறந்து வைத்தாலும் அவள். இத்தனை வருஷம் தலையாட்டிப் பழக்கிவிட்டுப் போய்விட்டாள். அதிகாரம் அவளிடமே இருக்கட்டும் என்று சொன்ன மனிதர், மூன்று வருஷம் கழித்தும் பழியைப் போட அவள் தலையைத்தான் தேடுகிறார் என்பதை நினைத்தபோது பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் அந்த நிமிஷத்தில் இருந்த இடம் தெரியவில்லை.

"எங்க அம்மா இறந்து மூணு வருஷமாச்சு மேடம்" என்றாள். "அழுத்தினது அப்பா. அவர் அந்தக் கணக்குல உட்கார்றது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் படிவத்துல கையெழுத்துப் போட்டேன்."

அந்த அம்மாள் தன் லேப்டாப் பக்கம் திரும்பினாள். எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, பொய்யான உறுதிமொழி என்றால் பட்டியலில் வைத்திருக்க முடியாது, இதில் தன் கையில் எதுவும் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். பாப்பா சரி என்றாள். பன்னிரண்டு வருஷம் ஒரு சரியில் முடிந்துவிட்டது. அப்பா அவள் பக்கம் திரும்பினார். அவள் திரும்பவில்லை.

"அறிக்கையில எல்லாக் கணக்கையும் எழுதணும்" என்று அந்த அம்மாள் ஒவ்வொன்றாக வாசித்தாள். அம்மாவின் பெயர். அப்பா. பாப்பா. பிறகு நிறுத்தினாள். "இந்த 'மற்றவை' யாரு?"

யாருமில்லை. கணக்கு மாறும்போதெல்லாம் திரையின் கீழ்மூலையில் 'மற்றவை' என்று ஒன்று தெரியும். அது கம்ப்யூட்டர் தானாகவே வைத்திருக்கும் ஏதோ ஒன்று என்று பாப்பா இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். பாப்பா தன் அலுவலகத்துக்காக வைத்துக்கொண்டது என்று அப்பா நினைத்திருந்தார். போனில் கேட்டதற்கு, அது அப்பா எதையோ அழுத்தி உண்டாக்கிவிட்டது என்று நினைத்தேன் என்றான் அண்ணன். மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்டதே இல்லை.

அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் தோண்டினாள். கம்ப்யூட்டர் வாங்கிய நாலாம் மாதம், அம்மாவின் நிர்வாகி கணக்கிலிருந்து உண்டாக்கப்பட்ட சாதாரணக் கணக்கு அது. தனிப் பாஸ்வேர்டு உண்டு. பெரும்பாலும் மத்தியான நேரங்களில் திறக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகத் திறந்தது அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள்.

"விஷயம் தெரிஞ்சவங்க செஞ்ச வேலை" என்றாள் அந்த அம்மாள். "பெரிய கணக்கைத் தொடாம வச்சிட்டு, தன் புழக்கத்துக்குச் சின்னதா ஒண்ணு போட்டிருக்காங்க. நாங்க எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்றது இதைத்தான். யாரும் கேக்கறதில்லை."

பாப்பாவுக்கு ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நூலகத்தில் பெண்களுக்குப் பன்னிரண்டு நாள் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. அம்மா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு போய்விட்டு வந்தாள். என்ன கற்றுக்கொண்டாய் என்று அப்பா கிண்டலாகக் கேட்டபோது, சும்மா மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு அப்பா சிரித்தார், அண்ணன் சிரித்தான். பாப்பாவும்தான் சிரித்தாள்.

தனக்கு அதிகாரம் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை அதைப் பயன்படுத்தி, யாரும் கண்டுகொள்ளாத ஒரு பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு, அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவளுக்கும் ஒரு தபால்பெட்டி இருந்திருக்கிறது. சாவி அவளிடமே இருந்தது.

அந்த அம்மாள் பாப்பாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்தக் கணக்கின் கோப்புகளைத் தன் லேப்டாப் வழியாகப் பட்டியலிட்டாள். தங்கைக்கு 1, தங்கைக்கு 2 என்று நாற்பது. பாப்பாவுக்கு 1, பாப்பாவுக்கு 2 என்று இருபத்தாறு. 'அவருக்கு' என்று ஒன்றே ஒன்று, எண் இல்லாமல். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அந்த வால் முளைத்திருந்தது.

அப்பா எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணைச் சுருக்கிப் படித்தார். 'அவருக்கு' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இதைத் திறக்க முடியாதா?"

"முடியாது சார்" என்றாள் அந்த அம்மாள். "உங்க சொந்தக் கணக்குல உட்கார்ந்திருந்தீங்கன்னா பாஸ்வேர்டு கேட்டு நின்னிருக்கும். மீறிப் போயிருந்தாலும் உங்க கோப்பு மட்டும்தான் போயிருக்கும். இது அப்படியே இருந்திருக்கும்."

அப்பா விரலை எடுக்கவில்லை. மெஷின் ரூம் சாவியைப் பற்றித் தெரிந்தவருக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அவ கணக்கை இறக்கிடு பாப்பா, நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே செஞ்சிடு என்றார். இனிமேல் இறக்கினால் என்ன, ஏற்றினால் என்ன.

"ஒண்ணு மட்டும் தப்பிச்சிருக்கு" என்றாள் அந்த அம்மாள்.

பட்டியலின் அடியில் வால் முளைக்காமல் ஒரு கோப்பு இருந்தது. வழக்கமான கோப்பு வகைகளைத்தான் அந்தத் திருட்டு மென்பொருள் தேடிப் பூட்டும், தனக்குத் தெரியாத வகையை விட்டுவிடும். இது விசாரணை அலுவலகம் தட்டச்சு செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற சின்ன ரெக்கார்டரில் பதிவாகிற குரல் கோப்பு. வெளியில் யாரிடமும் இருக்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பாப்பாவின் ரெக்கார்டர் காணாமல் போனது. வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். நீ எடுத்தாயா என்று அம்மாவை நிற்க வைத்துக் கேட்டாள். அம்மா இல்லை என்றாள். உனக்கு என் வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று அன்றைக்குச் சத்தம் போட்டதும் இப்போது ஞாபகம் வந்தது. ஒரு வாரம் கழித்து அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ரெக்கார்டர் கிடைத்தது.

அந்த அம்மாள் கோப்பைச் சோதித்துப் பார்த்து, கெடுதல் எதுவும் இல்லை என்றாள். அதைத் திறக்கிற அலுவலக மென்பொருள் தன் லேப்டாப்பிலேயே இருக்கிறது, கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன், அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கையில் பையை எடுக்காமலே இறங்கிப் போனாள். அதிகம் பேசாத ரகத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

பாப்பா மேசைக்கடியிலிருந்து மிதியின் ஒயரை எடுத்து லேப்டாப்பில் சொருகினாள். இனிமேல் அவளுக்கு வேலையில்லாத மிதி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலை வைத்தாள். முதலில் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு அம்மா, மூன்று வருஷத்துக்குப் பிறகு, காதுக்குள்ளேயே.

"பாப்பா, அப்பா பக்கத்துல இருந்தா இதை இங்கேயே நிறுத்திடு."

அவள் காலை எடுத்தாள்.

"என்ன சொல்றா?" என்று அப்பா கேட்டார். அவர் குரலில் அதட்டல் இல்லை. இந்த வீட்டில் அவர் எதையாவது இப்படிக் கேட்டு வாங்க நின்றதை அவள் பார்த்ததில்லை. பார்த்தும் அவளுக்கு மனம் இளகவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்பா, கொஞ்சம் வெளிய இருங்க."

அவர் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போய், சாவிக்கொத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. இரண்டு அடி வைத்தார், நின்றார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போனார். பாப்பா எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் போகாமல் நிற்பது அடியில் நிழலாகத் தெரிந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து மிதியில் காலை வைத்தாள்.